தண்ணீர் புகாத பூட்ஸ், தண்ணீர் போகாத பூட்ஸ்

மழைக்குக் குடை, மலைக்கு பூட்ஸ். சுலபமான கணக்கு. மலையில் மழையும் பெய்தால்? தண்ணீர் புகாத பூட்ஸ். இதுவும் சுலபமான கணக்குதான். ஆனால் அந்தமானில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

காரணம் எளிமையானது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுவதற்குத் தையலும் சோலும் மட்டும் வழியல்ல. கால் நுழைகிற பெரிய வாய் ஒன்று மேலே திறந்தே இருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்த வாயை மூட முடியாது. ஓடையில் இறங்கினால் முழங்கால் வரை தண்ணீர். கொட்டும் மழையில் காலோடு வழிந்து, சாக்ஸில் ஊறி, உள்ளே இறங்கும் தண்ணீர். ஒரு முறை உள்ளே போய்விட்டால், 'வாட்டர் புரூஃப்' பூட்ஸ் அதை மிகுந்த விசுவாசத்துடன் உள்ளேயே வைத்துக் காப்பாற்றும். தண்ணீர் புகாத பூட்ஸ் என்பது பல சமயங்களில் தண்ணீர் போகாத பூட்ஸும்கூட.

சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அந்தமான் நிகோபார் தீவுகளில் சுமார் 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்குகிறது. அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் ஓரளவு உலர்ந்த காலம். அப்போதும் காற்றில் ஈரம் குறைவதில்லை. இரவு கொடியில் போட்ட துண்டு காலையில் ஈரமாகவே இருக்கும் ஊர்.

தீவுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்க்கத்தான் போகிறார்கள். செல்லுலார் சிறை, ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு), கண்ணாடிப் படகு, பவளப்பாறை. இதற்கெல்லாம் ரப்பர் செருப்பு போதும். ஆனால் காட்டுக்குள்ளும் மலை மேலும் நடக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பூட்ஸ் பற்றிய கேள்வி அவர்களுக்குத்தான் எழுகிறது.

வட அந்தமானில், டிக்லிபூருக்கு அருகே இருக்கும் சாடில் பீக்கை எடுத்துக்கொள்ளலாம். உயரம் 732 மீட்டர். தீவுக்கூட்டத்திலேயே உயரமான சிகரம் இதுதான். ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களுக்கு இது ஒரு உயரமாகவே தோன்றாது. ஆனால் கொடைக்கானலில் ஏறுவது பஸ். இங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறுவது கால். லாமியா பே கடற்கரையில் வனத்துறையின் அனுமதி பெற்றுத் தொடங்கும் பாதை, போக மட்டும் சுமார் 8 கிலோமீட்டர். முதலில் கடலோரமாகவே மணல், பாறை, குறுக்கே ஓடைகள். பிறகு மழைக்காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். வழியெல்லாம் வேர், பாசி படிந்த கல், சகதி. அதே வழியில் இறக்கம். கடல் உப்பு, ஓடைத் தண்ணீர், காட்டுச் சேறு மூன்றையும் ஒரே ஜோடி பூட்ஸ் ஒரே நாளில் தாங்க வேண்டும்.

தலைநகரிலிருந்து அதிகம் விலகாமல் நடக்க நினைப்பவர்களுக்கு மவுண்ட் ஹாரியட் இருக்கிறது. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் கலங்கரை விளக்கத்துடன் தென்னை மரங்களுக்கு நடுவே தெரிந்த அதே மலை. 2021ல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா என்று பெயர் மாறியது. போர்ட் பிளேயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயர்கள் மாறினாலும் காலாபத்தருக்கும் மதுபனுக்கும் போகும் காட்டுப் பாதைகள் மாறவில்லை. மழை பெய்தால் அதே வழுக்கல்தான்.

இந்தப் பாதைகளுக்கு எது சரியான பூட்ஸ்? கடையில் கேட்டால் உடனே கையில் எடுத்துத் தருவது 'மெம்பிரேன்' வைத்த பூட்ஸ். மேல் தோலுக்கும் உள் துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. இவற்றில் பிரபலமானது கோர்-டெக்ஸ். அமெரிக்காவின் பாப் கோர் 1969ல் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த கண்டுபிடிப்பு. சவ்வின் துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை, நீராவியைவிடப் பெரியவை. அதனால் வெளியே இருக்கும் மழை உள்ளே வராது, உள்ளே இருக்கும் வியர்வை ஆவியாகி வெளியே போய்விடும். விளம்பரம் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த ஆவியை வெளியே தள்ளுவது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உள்ளே ஈரமும் வெப்பமும் அதிகமாகவும், வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். காலின் வெப்பம் 33 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இமயமலைச் சரிவில் 5 டிகிரி குளிர், 50 சதவீத ஈரப்பதம் என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம். ஆவி வேகமாக வெளியேறும். அந்தமானில் 30 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியை வெளியே தள்ளும் அழுத்தம் இமயமலையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வியர்வை போக வழியின்றி உள்ளேயே தங்கும். மழை பெய்யாத நாளிலும் சாக்ஸைப் பிழியலாம். மணாலியிலும் லடாக்கிலும் அருமையாக உழைக்கும் அதே பூட்ஸ், மாயாபந்தரில் வெந்நீர்ப் பையாக மாறுவது இப்படித்தான்.

வெப்ப மண்டலக் காட்டுக்கு என்ன பூட்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு ராணுவங்கள் அனுபவத்தில் விடை கண்டன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் பனாமா காடுகளில் பரிசோதித்துப் பார்த்தது, ரப்பர் சோல் வைத்த கேன்வாஸ் பூட்ஸை. வியட்நாம் போரில் அது இன்னும் மேம்பட்டது. விரல், குதிகால் பகுதிகளில் மட்டும் தோல். கணுக்காலைச் சுற்றி சீக்கிரம் உலரும் துணி. பாதத்தின் உள்வளைவில், சோலுக்குச் சற்று மேலே, இரண்டு சின்ன ஓட்டைகள். புகுந்த தண்ணீர், நடக்க நடக்க அந்த ஓட்டைகள் வழியே வெளியே பீச்சும். தண்ணீர் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அது போவதற்கு வழி செய்த பூட்ஸ். இதுதான் 'ஜங்கிள் பூட்'.

சோலிலும் ஒரு பாடம் உண்டு. 1935ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவை அழைத்துச் சென்ற இத்தாலியர் விட்டாலே பிரமானி, பொருத்தமில்லாத காலணியே காரணம் என்று முடிவுக்கு வந்து, 1937ல் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை உருவாக்கினார். அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான் 'வைப்ரம்'. பாறைக்கும் பனிக்கும் அது பொருத்தம். ஆனால் களிமண்ணில் அந்த நெருக்கமான பற்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டு, சோல் வழவழப்பான பலகையாகிவிட்டது. அதனால் வியட்நாமில் பற்களை அகலமாக, சாய்வாக இடைவெளி விட்டு அமைத்த 'பனாமா' சோல் வந்தது. ஒவ்வொரு அடியிலும் சேற்றைத் தானாகவே உதறித் தள்ளும் சோல்.

இத்தனை அக்கறை ஏன்? நனைந்த கால் வெறும் அசௌகரியம் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டு நடந்துவிடலாம். ஆனால் ஓரிரு நாட்கள் தொடர்ந்து ஈரத்தில் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்குகிறது. தோல் மெத்தென்றாகி, உரசும் இடத்தில் எல்லாம் உரிகிறது. ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. வியட்நாமில் வீரர்களைப் படுக்க வைத்த இந்த உபாதைக்கு ராணுவ மருத்துவர்கள் நீளமான பெயர்கள் வைத்தார்கள். தஞ்சாவூர் வயல்களில் நடவு நடுகிறவர்களுக்கு இதன் பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகவே தெரிந்தவர்: சேற்றுப்புண். விரலிடுக்கு வெந்து, வெடித்து, அரிக்கும் அதே தொல்லை. மருதாணி அரைத்துப் பூசி ஆற்றிக்கொள்வார்கள்.

அந்தமானில் வெடித்த தோலுக்குக் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். 1980களின் இறுதியில் அங்கே ஒரு மர்மக் காய்ச்சல் தலைகாட்டியது. கடும் காய்ச்சல், உடல்வலி, சிலருக்கு இருமலில் ரத்தம். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1993 அக்டோபர், நவம்பரில் டிக்லிபூரில் அது பரவியபோது ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். லெப்டோஸ்பைரோசிஸ். தமிழில் எலிக்காய்ச்சல். நுரையீரலில் ரத்தம் கசிய வைக்கும் மோசமான வடிவில் வந்திருந்தது. உண்மையில் இது தீவுகளுக்குப் புதிதும் அல்ல. டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் 1931லேயே அந்தமானில் எலிக்காய்ச்சல் இருப்பதைப் பற்றி எழுதியிருந்தார்கள். இடையில் அது மறந்துபோயிருந்தது.

எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வழியாக வெளியேறும் இந்தக் கிருமி, வெதுவெதுப்பான ஈர மண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே நுழைய அதற்குத் தேவை ஒரு கீறல், ஒரு கொப்புளம், அல்லது தண்ணீரில் ஊறி மெத்தென்றான தோல். சாடில் பீக்கும் 1993ல் காய்ச்சல் பரவிய டிக்லிபூரும் ஒரே வட்டாரம் என்பதைக் கவனித்தால் போதும். அங்கே பூட்ஸின் முதல் வேலை பாதத் தோலைக் கிழியாமல் காப்பது. இரண்டாவது வேலை, அந்தத் தோலை ஊறவிடாமல் சீக்கிரம் உலர விடுவது. அழகு, கம்பெனிப் பெயர், 'வாட்டர் புரூஃப்' சீட்டு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எல்லோருக்கும் ஒரே பூட்ஸ் என்பதும் நடக்காது. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போய், ஒரே நாளில் ஏறி இறங்கிவிடும் பயணிக்கு, சவ்வு இல்லாத, வலைத் துணியும் செயற்கை இழையும் கலந்த, கணுக்காலைப் பிடிக்கும் இலகுவான ஹைக்கிங் ஷூ போதும். நனையும். ஆனால் ஓய்வெடுக்கும் நேரத்திலேயே பாதி உலர்ந்துவிடும். முழுத் தோல் பூட்ஸ் ஒரு முறை ஊறினால் அந்தத் தீவுகளில் இரண்டு மூன்று நாட்கள் ஆனாலும் உலராது.

வாரக்கணக்கில் காட்டில் வேலை செய்கிற ஆய்வு மாணவர்கள், நில அளவையாளர்கள், வனக் காவலர்களின் தேவை வேறு. அவர்களுக்கு ஜங்கிள் பூட் வகை பொருத்தம். அது கிடைக்காவிட்டால், சில நூறு ரூபாய்க்கு எல்லா ஊரிலும் கிடைக்கும் ஹன்டர் ஷூ. கணுக்காலுக்கு மேல் ஏறும் கேன்வாஸ், ரப்பர் சோல். பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் அலசலாம், உலர்த்தலாம், கிழிந்தால் மனவருத்தமின்றித் தூக்கிப்போடலாம். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால், விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட நீண்ட நாள் உழைக்கும். அதில் குறை, உள்ளே இருக்கும் தட்டையான அடித்துணி. அதை எடுத்துவிட்டு நல்ல இன்சோல் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே தண்ணீர் புகாத காலணி தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகையைக் கழுவுகிறவர்கள், சாக்கடை வெட்டுகிறவர்கள், தோட்டத்தில் நின்று வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு கம்பூட்டை விடச் சிறந்தது இல்லை. சார்லஸ் குட்இயர் 1844ல் ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதை வைத்து ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853ல் பிரான்ஸ் நாட்டு விவசாயிகளுக்காக ரப்பர் பூட்ஸ் தயாரிக்கத் தொடங்கினார். அந்தமான் நிகோபாருக்கும் ரப்பர் அந்நியமல்ல. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலர் 1970களில் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டங்களில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். ஆனால் கம்பூட் நிற்பதற்கும் சற்று தூரம் நடப்பதற்கும் மட்டுமே. மலையேற முயன்றால் குதிகால் உள்ளே வழுக்கி, ஒரு மணி நேரத்தில் கொப்புளம் நிச்சயம்.

நாற்று நடுகிறவர்களுக்கு எந்த பூட்ஸும் உதவாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உழுத சேற்றில் கம்பூட் புதைந்து நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். எலிக்காய்ச்சலின் ஆபத்து அதிகமாக இருப்பதும் அவர்களுக்குத்தான். காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர், வயலிலிருந்து ஏறியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவுவது, வரப்பிலும் களத்திலும் செருப்பு. இதுதான் அவர்களுக்கு நடைமுறைக்கு ஒத்த பாதுகாப்பு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை கொடுத்து வட அந்தமானில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நோயாக வெளிப்படுவது குறைந்தது, ஆனால் தொற்று நிற்கவில்லை. மாத்திரை காலணிக்கு மாற்று அல்ல. டாக்டரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையும் அல்ல.

வாங்கும்போது: மாலையில் கடைக்குப் போவது நல்லது. பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலை ஏறும்போதும் அப்படித்தான் இருக்கும். காட்டில் போடப் போகும் அதே சாக்ஸுடன் போட்டுப் பார்க்க வேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் மேலே எழும்பக் கூடாது. கடையில் சாய்வுப் பலகையோ மாடிப்படியோ இருந்தால் இறங்கிப் பார்க்கலாம். விரல் நுனி முன்னால் இடித்தால் வேண்டாம். சாடில் பீக்கின் இறக்கத்தில் அந்த இடி ஆயிரக்கணக்கில் பெருகி, நகம் கறுத்துவிடும். பூட்ஸை இரண்டு கையாலும் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் அது நகரத்து ஷூ.

சோல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அதைவிட முக்கியம். பசையால் மட்டும் ஒட்டிய சோல் வெயில், உப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் வாயைப் பிளக்கும். ஓரத்தில் சுற்றித் தைத்ததோ, என்.சி.சி. மாணவர்களுக்குப் பழக்கமான டி.எம்.எஸ். பூட்ஸைப் போல ரப்பரை நேரடியாக வார்த்ததோ நீடிக்கும். ஒட்டிய சோல்தான் கிடைத்தது என்றால், புறப்படுவதற்கு முன்பே செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து ஓரம் முழுக்க நைலான் நூலால் தைத்து வாங்கிக்கொள்ளலாம். சிறிய செலவு, பெரிய காப்பீடு. சவ்வு வைத்த ஷூவைத் தைத்தால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் புகும் என்பது உண்மை. அந்தமானில் அது பெரிய நஷ்டமில்லை.

பரணில் பத்திரமாக இருக்கும் பழைய பூட்ஸைத் தூசி தட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெத்தென்ற நடு சோல் பல பூட்ஸ்களில் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. அதில் ஒரு வகையைக் காற்றிலுள்ள ஈரம் சத்தமில்லாமல் அரித்துச் சிதைக்கிறது. வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள கடலோர ஊர்களில் இது இன்னும் வேகம். போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. பார்க்கப் புதிதாகவே இருக்கும். மலையில் பாதி தூரம் போன பிறகு பிஸ்கட்டைப் போல உதிரும். புறப்படும் முன் நடு சோலைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பார்க்க வேண்டும். வெடிப்பு விழுந்தாலோ, பிசுபிசுத்தாலோ, துகள் உதிர்ந்தாலோ அந்த ஜோடியின் ஆயுள் முடிந்தது. எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பிறகும், பையில் நாலைந்து கேபிள் டையும் கொஞ்சம் நைலான் கயிறும் இருக்கட்டும். பிளந்த சோலைக் கட்டிக்கொண்டு கரை சேர அது போதும்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்தி வேண்டாம். வேட்டிக்கும் சட்டைக்கும் பருத்தியைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பூட்ஸுக்குள் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ கலந்த சாக்ஸ் நல்லது. மூன்று ஜோடி: ஒன்று காலில், ஒன்று பையில், மூன்றாவது பிளாஸ்டிக் உறையில் கட்டி, இரவில் மட்டும் போட்டுக்கொள்ள. கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவினால் உரசலும் ஊறலும் குறையும். அட்டைப்பூச்சிக்கு வழி, பேன்டை சாக்ஸுக்குள் திணித்து, அதன் மேல் நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த உறையைக் கட்டிக்கொள்வது. வால்பாறையிலும் இலங்கைத் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல. கடித்த அட்டையைப் பிய்த்தெறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கடிவாயைக் கழுவ வேண்டும். அங்கே கடிவாய் என்பதும் ஒரு திறந்த காயம்தான்.

திரும்பி வந்ததும்: முதல் வேலை பூட்ஸை நல்ல தண்ணீரில் அலசுவது. கடல் உப்பு தோலை வறட்டி வெடிக்க வைக்கும், லேஸ் துளைகளின் உலோகத்தை அரிக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். லேஸை முழுக்க உருவி, இன்சோலை வெளியே எடுத்து, நாக்கை விரித்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். மின்விசிறிக்கு எதிரே வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றினால் காலைக்குள் போடும் நிலைக்கு வரும். அவசரப்பட்டு அடுப்பங்கரையிலோ உச்சிவெயிலிலோ வைத்தால் தோல் விறைத்துச் சுருங்கும், பசை இளகும். பூட்ஸ் உலரும் நேரத்தில் காலும் உலர வேண்டும். இரவு முழுதும் காற்றாட விட்ட பாதம் மறுநாள் ஈரத்தைத் தாங்கும். ஈர சாக்ஸோடு தூங்கிய பாதம் தாங்காது.

தோல் பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. தோலைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து போகும் தோலும் காலணியும் உலகெங்கும் நடக்கின்றன. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948லிருந்து சென்னை அடையாறில்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் நடக்கும் தவறு ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய் தடவுவது. அது தோலைத் தேவைக்கு மேல் இளக்கும், ஈரமான ஊரில் பூஞ்சைக்கும் விருந்து வைக்கும். தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகை, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, மெல்லிசாகத் தேய்த்தால் போதும். அதுவும் தையல் ஓரங்களில் முதலில். பூஞ்சை பூத்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துலக்கி, வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நிழலில் காய வைக்கலாம்.

வைக்கும் இடம் இன்னொரு பிரச்சினை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டித் தருவது மாதிரி. காற்றோட்டமான அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில், உள்ளே செய்தித்தாளுடன் வைப்பது நல்லது. மாதம் ஒரு முறை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால், கெட்டுப்போவதும் முன்கூட்டியே தெரியும். ஊர் திரும்புவதற்கு முன் சோலில் ஒட்டிய மண்ணைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். தீவுக்குப் போகும் முன்னும் அப்படியே. வேறெங்கும் இல்லாத செடி கொடிகள் இருக்கும் தீவுகளுக்கு, வெளியூர் விதைகள் போய்ச் சேரும் வழிகளில் பயணிகளின் காலணியும் ஒன்று. அனுமதி உள்ள பாதைகளில் மட்டுமே அந்தக் காலணி நடக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, பூட்ஸைக் கழற்றி வைத்த பிறகு நினைவில் வைக்க வேண்டியது. எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போனதும் அறிகுறி தெரிவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் பயணி மதுரைக்கோ மும்பைக்கோ திரும்பி, ஆபீஸ் வேலையில் மூழ்கியிருப்பார். திடீரென்று காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி. 'ரொம்ப நடந்ததால் வந்த வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவதுதான் ஆபத்து. உள்ளூர் டாக்டருக்கும் அந்தமான் காட்டுச் சேறு நினைவுக்கு வராது. 'இரண்டு வாரத்துக்கு முன் அந்தமானில் ஓடையில் இறங்கி நடந்தேன், காலில் புண் இருந்தது' என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், சாதாரணமாகக் கிடைக்கும் ஆன்டிபயாடிக் மருந்திலேயே பெரும்பாலானவர்களுக்கு இது குணமாகிவிடும். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று இறங்கிவிடும்.